சிறைபட்ட தளபதி

அப்பாவுக்கு பெய்லிங்கின் வணக்கம்.

இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், இடக்கையால் எழுதுகிறேன். தொழிற்சாலையில் கண்ணாடி கீறி வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். விரல்கள் எல்லாம் பத்திரம். போனில் சொன்னால் அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

வேலை இல்லாமல் விடுதி அறையில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை. நம் வீட்டுக் கணினியில் நீங்கள் பாதியில் விட்ட போர் விளையாட்டை வரும்போதே நகலெடுத்து வந்திருந்தேன். கணினி ஆட்டங்களைப் போனில் ஓட்டும் எமுலேட்டர் செயலி போட்டு, அதைப் போனிலேயே ஓடவைத்துவிட்டேன்.

"போனையே தடவிக்கிட்டிருக்கியே, யாருடி மாப்பிள்ளை?" என்கிறாள் மேல்கட்டிலில் படுக்கும் அறைத்தோழி யுன்ஷா.

"போடி, இது எங்கப்பாவோட பட்டாளம்!"

ஆனால் அது மவுசுக்காகச் செய்த ஆட்டம். போனில் பின்வாங்க வேண்டுமென்றால் இரண்டு விரலால் தட்ட வேண்டும். ஒரு கையால் போனையும் பிடித்துத் தட்டுவதற்குள் போர் முடிந்துவிட்டது. என் பெயர் வைத்து நீங்கள் உருவாக்கிய தளபதி பிடிபட்டுவிட்டாள்.

பழைய மவுசைக் காலுறையில் சுற்றி அனுப்புங்கள், போனில் செருகிக்கொள்கிறேன். கூடவே நீங்கள் போடும் மிளகாய் ஊறுகாயும். தளபதியை மீட்கத் தூது அனுப்புவதா, படை அனுப்புவதா? உடனே எழுதுங்கள். யுன்ஷா தபாலில் போடச் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஆட்டத்தில் ஒவ்வொரு மாதம் பிறந்ததும் எதிரி அரசன் அவளிடம், "எங்க பக்கமே இருந்துடேன்" என்கிறான். இதுவரை மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அப்பா.

பெய்லிங்