சாமிக்கு ஒரு இழுப்பு

என் ஆசை வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போன பிறகு உங்கள் மோட்டார் சைக்கிளை விற்றுவிடப் பார்த்தார்கள். பதறாதீர்கள், வண்டி நம் கொட்டகையில்தான் நிற்கிறது.

எல்லாம் உங்கள் தம்பி சேகரால் வந்தது. இஞ்சின் தலைப்பக்கம் எண்ணெய் கசிகிறது என்று நட்டுகளை இறுக்க உட்கார்ந்தான். எவ்வளவு இறுக்கினோம் என்று முள் காட்டுமே, உங்கள் டார்க் ரெஞ்ச், அதை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் என் நகப்பூச்சால் போட்டுவைத்த கோட்டை முள் தொட்டதும் நிறுத்தினானா? களத்தில் நெல் அளந்து பழகிய கையாயிற்றே. மரக்கால் நிறைந்த பிறகும் சாமிக்கென்று ஒரு கை அள்ளிப் போடுவான் இல்லையா, அதே மாதிரி நட்டுக்கும் ஒரு இழுப்பு கூடுதலாகப் போட்டான். போல்ட் படக்கென்று ஒடிந்தது.

"ராசியில்லாத வண்டி அண்ணி, வித்துடலாம். பொம்பளைங்க மட்டும் கீற வூட்ல இது இன்னாத்துக்கு?" என்றான். ஒடித்தது அவன், ராசியில்லாதது வண்டியாம்! எனக்கு வந்ததே கோபம்.

பஸ் போகாத ஊரில் எனக்குப் பால்வாடி வேலை கிடைத்திருக்கிறது. வண்டி போனால் வேலையும் போச்சு. ஏரிக்கரையில் விழுந்து எழுந்து ஓட்டவும் பழகிவிட்டேன். அதைச் சொன்னதும், "நீயே இறுக்கு. ஐயங்கார்குளம் போயி வரலாம். எண்ணெய் கசியலன்னா வண்டி உன்னுது" என்றான்.

புது போல்ட் போட்டு நான் இழுக்க, நம் மல்லிகா முள்ளைப் பார்த்தாள். எதிரெதிர் நட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக. முன்பு நீங்கள் இழுப்பீர்கள், நான் குனிந்து பார்த்து "போதும்" என்பேன். சட்டென்று நிறுத்துவீர்கள். வேறு எதில் என் பேச்சைக் கேட்டீர்கள்? பீடியை விடச் சொல்லி எத்தனை கெஞ்சினேன். அதையும் கேட்டிருக்கக் கூடாதா?

"அம்மா, போதும்!" என்று மல்லிகா கத்தினாள். இன்னொரு இழுப்புக்குத் துடித்த கையை அடக்குவது என்ன பாடு தெரியுமா? சேகரைத் திட்டியது கொஞ்சம் அதிகம்தான்.

நேற்று காலை அவனைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன். வழியெல்லாம் "அண்ணி, மாடு! அண்ணி, லாரி!" என்று ஒரே பேஜார். திரும்பியதும் இஞ்சினைச் சுற்றித் துணியால் துடைத்துப் பார்த்தான். துணி காய்ந்தே இருந்தது. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கசியல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "காலைல என்னை மார்க்கெட்டாண்ட எறக்கி வுட்டுட்டுப் போறியா அண்ணி?" என்று அவனே கேட்டான்.

இத்தனை வருஷம் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து உங்கள் முதுகைத்தான் பார்த்து வந்தேன். நேற்றுதான் ரோடு முழுசாகக் கண்ணில் பட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே அந்த முதுகு இல்லையே என்று நடுவழியில் அழுகை வந்துவிட்டது. சேகரிடம் கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு, வண்டியை நிறுத்தாமல் ஓட்டினேன்.

நேற்று ஓடிச் சூடான இஞ்சின் இப்போது நன்றாக ஆறிவிட்டது, இன்னொரு தரம் முள்ளைப் பார்த்து இறுக்குவேன். வண்டியை யாருக்கும் கொடுக்க மாட்டேன். திங்கட்கிழமை அதில்தான் வேலைக்குப் போகிறேன்.

உங்கள் மனைவி,
கஸ்தூரி
உத்திரமேரூர்