பாதி பாதியாகப் பங்கிட்ட மாத்திரை

அன்பு மகன் ஜெனித்துக்கு,

தெரு அடங்கின பிறகு எழுத உட்கார்ந்ததற்கு அம்மாவை மன்னித்துக்கொள். உங்கப்பாவும் உன் தங்கச்சி கிரேசியும் தூங்கிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் உங்கள் பெனினில் இப்போதுதான் இருட்டியிருக்கும், நீ முழித்திருப்பாய் என்பதால் நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், இதையாவது முழுக்கப் படி. இங்கே எல்லாரும் சுகம், நீயும் ஆண்டவர் காவலில் சுகம் என்று நினைக்கிறேன் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அப்படி நினைத்துக்கொள்ள மனசு வரவில்லை, சுகமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நேற்று, உன்னோடு முந்திரி வாங்கப் போயிருக்கிற மரிய அருளின் அம்மா சவரிமேரி காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பெரிய பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எதுக்கு இந்த வெயிலில் இவ்வளவு சுமை என்று கேட்டால், கண் கலங்கிப்போய், "ஏக்கா, உனக்கு சங்கதியே தெரியாதா? ரெண்டு பேருக்கும் ஒண்ணா மலேரியா ஜுரம் வந்திருக்கு. உம் புள்ள தனக்கு எழுதிக்குடுத்த மாத்திரையில பாதிய எம் புள்ளைக்குக் குடுத்தானாம். கூடப் பொறந்தவன்கூட செய்ய மாட்டான்க்கா" என்றாள். மலேரியா என்பதை என்னிடம் மறைத்தது ஒருபக்கம் இருக்கட்டும். ஒருத்தனுக்கான மூன்று நாள் மாத்திரையை இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றரை நாளாகப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள், அதை அந்த அம்மா புண்ணியமாக நினைத்துப் பழம் கொண்டுவருகிறாள். முகம் மாறாமல் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன். இங்கே உட்கார்ந்துகொண்டு அவளைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது?

காலையில் முதல் வேலையாக சிதம்பரத்துக்குப் போனேன். என்னோடு விலங்கியல் படித்த கனிமொழியைத் தெரியுமில்லையா, அங்கே கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நீ பிறந்த பிறகு நான் விட்டுவிட்ட படிப்பையெல்லாம் அவளிடம்தான் அவ்வப்போது கேட்டுக்கொள்வேன். மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் போவதை மைக்ராஸ்கோப்பில் எடுத்த வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினாள். நாங்கள் படித்த காலத்தில் வெறும் படம்தான் வரைந்தோம். கிருமி கடுகைவிட ஆயிரம் மடங்கு சிறியது, கூம்பின முட்டை மாதிரி இருக்கிறது. அணுவின்மேல் வந்து மோதுகிறது, அணு நெளிந்து கொடுக்கிறது. பிறகு உருண்டு புரண்டு தன் கூரான முனையை அணுவின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. அடுத்து செய்வதுதான் அநியாயம் ஜெனித். தன் உடம்பிலிருந்தே ஒரு துணுக்கை எடுத்து அணுவின் தோலில் பதித்துவிட்டு, அதையே பிடிமானமாகப் பிடித்துக்கொண்டு உள்ளே நழுவுகிறது. கிழிப்பதில்லை, துளை போடுவதில்லை, அணுவின் தோலே அதைப் போர்த்திக்கொண்டு மூடிவிடுகிறது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் முடிந்துபோனது. அணு கொஞ்ச நேரம் முள் முள்ளாகச் சுருங்கி நின்றது. அப்புறம் பழையபடி வழவழவென்று ஆகி, ஒன்றுமே நடக்காத மாதிரி மிதந்தது.

அந்த இடத்தில்தான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஜுரம் விட்டுப்போச்சும்மா, வேலைக்குப் போறேன் என்று நீ சொன்னாயே, அதுவும் இப்படித்தான். உள்ளே போனது சும்மா இருக்காது. ரத்தத்தின் சத்தைத் தின்று இரண்டு நாளில் ஒன்று பத்து இருபதாகப் பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வந்து அடுத்த அணுக்களைத் தேடும். முதல் மாத்திரைகள் பெரும்பாலானதைக் கொன்றுவிடும், அதனால் ஜுரம் இறங்கிவிடும். மிச்சம் மீதியை முடிக்கத்தான் பாக்கி மாத்திரை. அதைத்தான் நீ அருளுக்குக் கொடுத்தாய், அவனுக்கும் அதே கதி. அங்கே குடோனில் வேலை செய்கிற அந்த ஊர்க்காரர்கள் ஜுரத்தோடேயே மூட்டை தூக்குகிறார்கள் என்று சொல்லாதே. அவர்களுடையது சின்ன வயசிலிருந்து அதோடு சண்டை போட்டுப் பழகின உடம்பு, நீங்கள் இந்த சீசனுக்குப் போனவர்கள். முந்திரிக்கொட்டை வாங்கும்போது மேல் தோலைத் தடவிப் பார்த்தா பணம் கொடுக்கிறாய்? சாக்கிலிருந்து அள்ளி, வெட்டி, பருப்பைப் பார்த்துத்தானே விலை பேசுகிறாய். உன் உடம்பை மட்டும் ஏன் தோலைப் பார்த்து விட்டுவிட்டாய்?

உங்கப்பாவிடம் சொன்னால், "மலேரியாவுக்கே டிகிரி வாங்குன மாதிரி பேசுற" என்று கிண்டல் செய்தார். ஆனால் சாப்பாட்டில் கை வைக்கவே இல்லை, ரெண்டு தரம் உன் போட்டோவைப் பார்த்தார். நான் பயந்துபோய் எழுதுகிறேன் என்று நினைக்காதே. பயம் இருக்கிறதுதான். ஆனால் நேரத்தோடு பார்த்தால் முழுக்கக் குணமாகிற ஜுரம் இது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடிந்ததும் அருளையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ஒரு ஆள் மாத்திரையை இரண்டு பேர் சாப்பிட்டோம் என்று கூச்சப்படாமல் சொல்லு, ரத்தத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லு. மாத்திரை கொடுத்தால் அவனவனுக்கு அவனவனுடையது, கடைசி மாத்திரை வரைக்கும், வயிறு காலியாக இல்லாமல். சோறு, குழம்பு, போர்வை எதை வேண்டுமானாலும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நீ கொடுத்த மனசை நான் குறை சொல்லவில்லை கண்ணு, அதில் எனக்குப் பெருமைதான். அருளுக்கும் உனக்கும் வேளாங்கண்ணி மாதா துணை இருப்பாள், கொசுவலையும் இருக்கட்டும்.

சவரிமேரி கொண்டுவந்த பழத்தை நான் வெட்டவில்லை, சமையற்கட்டில் சாக்குமேல் வைத்திருக்கிறேன். கிரேசி தூங்கப்போகும் வரைக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். உங்கள் இரண்டு பேருடைய ரிசல்டும் வரட்டும், அப்புறம் வெட்டி சவரிமேரிக்கும் பாதி கொடுத்தனுப்புகிறேன். வீடெல்லாம் வாசனை அடிக்கிறது, பழம் ரொம்ப நாள் தாங்காது.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா பிரிசில்லா
திருப்பாதிரிப்புலியூர்

சீக்கிரம் பதில் போடு.