வட்டச் சுவருக்கு வந்து போகிற கரடி

வால்தெரோப்லே, அஸ்தூரியாஸ்
1974, மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள்

அன்புத் தம்பி செல்சோவுக்கு,

அக்கா எதெல்வினா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பெல்ஜியத்தில் நிலக்கரிக்குப் பஞ்சம் வந்தாலும் வரும், காகிதத்துக்குமா வந்துவிட்டது?

புல் அறுத்துக் காயவைத்துப் பரணில் ஏற்றியாகிவிட்டது. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. எனக்கு முழங்கை வலி பழையபடிதான்.

இந்த வருஷம் கரடி நடமாட்டம் அதிகம். சுடக் கூடாது என்று சட்டம் வந்தது அதற்கும் தெரிந்துவிட்டதோ என்னவோ, ஊருக்குள்ளேயே வந்து போகிறது. கடைக்கார ஒப்துலியாவின் பிளம் மரத்தில் ஏறி நடுக்கிளையை முறித்துப் போட்டது. அவள் வாசலில் நின்று மலையைப் பார்த்துக் கத்தினாள். "பழத்தத் தின்னுட்டுப் போயேன், யாரு வேணாம்னா? மரத்த ஏன்டா உடைக்கிற, தடிமாடு!" என்றாள். மறுநாள் மீதிக் கிளையையும் முறித்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தேன்கூடுகளில் யாரோ கை வைத்துவிட்டார்கள்.

ஜூலையில் சந்தியாகு திருநாளன்று மேலே போய், கூடுகளைச் சுற்றி நிற்கிற வட்டச் சுவரில் ஏணி வைத்து ஏறி உள்ளே இறங்கிப் பார்த்தேன். மரத்தண்டுக் கூடுகள் எல்லாம் கனமாக இருந்தன. வெளியே வந்ததும் ஏணியை எடுத்து, வழக்கமாக ஒளிக்கிற செஸ்ட்நட் மரப் பொந்தில் செருகிவிட்டுத்தான் இறங்கினேன். அந்தச் சுவரில் கரடியால் ஏற முடியாது, ஏணியை மறந்து வைத்தால் நம்மைவிட நன்றாக ஏறும் என்பதை நான் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. போன வாரம் மறுபடி போனால், ஏணி சுவரில் சாய்ந்து நிற்கிறது. உள்ளே இரண்டு கூடுகள் லேசாகிவிட்டன.

நம் பல்பினோ அண்ணன் ஊர் கேட்கச் சத்தம் போட்டார். "ஏணிய வச்சு வாசலத் தொறந்து விட்டுட்டு வந்திருக்க. அப்படியே ஒரு ஸ்பூனும் வச்சுட்டு வந்திருக்கலாம்ல, கரடி கையால தின்னு கஷ்டப்பட்டிருக்கும்" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆனால் செல்சோ, எனக்குச் சந்தேகம். கரடி வந்துபோன இடம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? கூட்டைக் கவிழ்த்து உருட்டி, அடையோடு புழுவையும் சேர்த்துத் தின்று, நாசம் செய்துவிட்டுப் போகும். இங்கே கூடுகள் நட்டது நட்டபடி நிற்கின்றன. மூடிக்கல்கூட அதனதன் மேல் இருக்கிறது. தின்றுவிட்டு மூடி வைக்கிற மரியாதைக்காரக் கரடியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தப் பொந்து மூன்று பேருக்குத்தான் தெரியும். உனக்கு, எனக்கு, அண்ணனுக்கு. நீ பெல்ஜியத்தில் இருக்கிறாய்.

அப்பா வட்டச் சுவரை உன் பெயருக்கு எழுதிவைத்ததை அண்ணன் இன்றுவரை ஜீரணிக்கவில்லை என்பது உனக்கும் தெரியும். கூடுகளைத் தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். அவர் பேச்சில் என்றைக்கும் தேன் ஒழுகியதில்லை, வீட்டில் ஒழுகுகிறதா என்று போய்ப் பார்க்கப் போகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சுரங்கத்தில் இறங்கும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள். பதில் போடு.

உன் அக்கா,
எதெல்வினா


வால்தெரோப்லே
செப்டம்பர், மிக்கேல் திருநாளுக்கு முந்தின நாள்

அன்புத் தம்பி செல்சோவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அண்ணன் வீட்டுக் கதை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்படியே போனேன். சபினா அண்ணி ரொட்டியும் தேனும் வைத்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெளிறின தேன், தோட்டத்துப் பூத்தேன். நம் மேட்டுத் தேன் கருப்பாக, கடைசியில் கொஞ்சம் கசக்கும் இல்லையா, அது இல்லை. ஒருவேளை நல்லதை ஒளித்துவைத்துவிட்டு இதை எனக்குக் காட்டுகிறார்களோ என்று அலமாரிப் பக்கம் கண்ணை ஓட்டினேன். அண்ணன் கவனித்துவிட்டார்.

"என்ன, வேட்டை நாய் மாதிரி மோந்துக்கிட்டு இருக்க? கேக்க வந்தத வாயத் தொறந்து கேளேன்" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணா, ஜலதோஷம்" என்றேன்.

"ஜலதோஷம் பிடிச்சா மூக்குதான் ஒழுகும், கண்ணு எதுக்கு அலையுது?" என்றார். அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

இதற்குள் இன்னொரு கூடும் லேசாகிவிட்டது. தேனோடும் நிற்கவில்லை. மேட்டுக் கொல்லையில் உருளைக்கிழங்கை யாரோ தோண்டியிருக்கிறார்கள், செடியைத் திரும்ப நட்டுவிட்டு. நம் கொடியில் காயப்போட்ட பழுப்புக் கம்பளி காணாமல் போனது. ஊரில் எதற்கும் ஒரே பதில்தான். ஒப்துலியா கடையில் நம் பக்கத்து வீட்டு அமான்சியோ மேசையைத் தட்டிச் சொல்கிறான், கம்பளியை எடுத்ததும் கரடிதானாம். "கரடிக்குக் கம்பளி எதுக்குய்யா?" என்று ஒப்துலியா கேட்டாள். "குளிர்காலம் வருதுல்ல, குகையில விரிச்சுப் படுக்கும். பொண்டாட்டி கேட்டிருக்கும்" என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஒவ்வொருத்தன் கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன், எதிலாவது தேனீ கொட்டின வீக்கம் இருக்கிறதா என்று. அமான்சியோ கையில் ஒரு வீக்கம் இருந்தது. கேட்டால் முள் குத்தியது என்கிறான்.

இப்போது மற்ற விஷயம். ஒப்துலியாவின் மகன் ஃபெர்மின் பெல்ஜியத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறான். உன்னைப் பற்றிக் கேட்கப் போனேன். காதைச் சொறிந்துகொண்டே நின்றான். நான் வேற ஊர்ல இருக்கேன்க்கா, அதிகம் பாக்குறதில்ல என்றான். நான் நகரவில்லை. கடைசியில்தான் சொன்னான். "சுரங்கத்த மூடிட்டாங்கக்கா, ஜூன்லயே. பாதிப் பேரு ஜெர்மனிக்குப் போயிட்டாங்க. செல்சோ பெட்டியத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறுனான். எந்தப் பக்கத்து ரயிலுன்னு எவனுக்கும் தெரியல."

ஆகஸ்டில் நான் எழுதியதை யார் பிரித்துப் படித்தார்களோ தெரியவில்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான்.

அண்ணனிடம் சொன்னேன். கொட்டகைக்குள் போய், துணியில் சுற்றிவைத்திருந்த துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன். "போனவன் என்னைக்காவது வருவான். வர்றப்ப கூடெல்லாம் காலியா கெடந்தா, ஒரு கரடிய வெரட்டத் துப்பில்லையாடா உனக்குன்னு என்னைத்தானே கேப்பான்?" என்றார். சட்டம் இருக்கிறதே என்றேன். "சட்டம் போட்டவன வந்து ஏணியக் காவல் காக்கச் சொல்லு" என்றார்.

திடீரென்று இந்தப் பாசம் எங்கிருந்து வந்தது என்று அப்போதும் சந்தேகப்பட்டேன். என் புத்தி இப்படி ஆகிவிட்டது, தம்பி. எங்கே இருந்தாலும் ஒரு வரி எழுது. வருத்தமான வரியாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் அக்கா,
எதெல்வினா


அக்டோபர், புதன்கிழமை

செல்சோ,

இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டவில்லை. கூடுகளை நீ கிழக்கிலிருந்து வரிசையாகத் திறந்துகொண்டு வருகிறாய். அடுத்தது எது என்று எனக்குத் தெரியும். அதன் மூடிக்கல்லுக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன்.

நேற்று அண்ணனுக்குத் தெரியாமல் மேலே வந்தேன். இதுவரை கூட்டை மூடியோடுதான் தூக்கிப் பார்த்திருந்தேன், நேற்று மூடியைத் திறந்தே பார்த்தேன். உள்ளே சிலுவையாகக் கட்டிய குச்சிகள் வரைக்கும்தான் அடை வெட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு விரல்கூடப் படவில்லை. தேனீக்களுக்குக் குளிர்காலச் சாப்பாட்டை விட்டுவைக்கிற திருடன்! மூடியின் இடுக்கையெல்லாம் சாணத்தில் பூசி அடைத்திருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், சாம்பல் கலந்திருந்தது. அண்ணன் களிமண்தான் பூசுவார். சாணத்தில் சாம்பல் கலக்காதே, வெடிக்கும் என்று அப்பா எத்தனை தடவை உன்னைத் திட்டியிருக்கிறார், நீ கேட்டாயா?

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. ஒவ்வொருத்தரையும் சந்தேகப்பட்டேனே, கூடப் பிறந்த அண்ணன் வீட்டு அலமாரியை நோட்டம் விட்டேனே, பாவம் அமான்சியோவுக்கு நிஜமாகவே முள்தான் குத்தியிருக்கிறது. உன் பெயர் மட்டும் என் மனதில் வரவில்லை. உன் தேனை நீயே திருடுவாய் என்று யார் நினைப்பார்கள்?

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். எதிர்ச்சரிவில் அண்ணன் விறகு வெட்டும் சத்தம் கேட்டது, அடக்கிக்கொண்டேன். நீ தங்கியிருப்பது மேலே அந்தப் பழைய மேய்ச்சல் குடிசையாகத்தான் இருக்க வேண்டும். தேடி வரவில்லை. துரத்தினால் மலையைத் தாண்டி லியோன் பக்கம் போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

கார் ஓட்டிக்கொண்டு வருவேன், இல்லாவிட்டால் இந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று ஒப்துலியா கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாய். அதற்காகவா இந்தக் கூத்து? கார் வைத்திருக்கிற டாக்டரே நம் பாதையில் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். நீ சொன்னது யாருக்கும் ஞாபகமில்லை, அன்றைக்கே மறந்துவிட்டார்கள். சிரிக்கிறவர்கள் இரண்டு நாள் சிரிப்பார்கள். பிறகு கரடி எதையாவது உடைக்கும், அதைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. சனிக்கிழமை ஊர்க் காவலர்கள் இரண்டு பேரும் கீழே சந்தைக்குப் போகிறார்கள், சுட்டால் கேட்க ஆள் இருக்காது. அன்றைக்கு அந்தியில் அண்ணனும் அமான்சியோவும் சுவருக்கு எதிரே புதர் மறைவில் துப்பாக்கியோடு உட்காரப் போகிறார்கள். ஏணியை வேண்டுமென்றே சுவரில் சாய்த்து வைப்பார்கள். ஏணிக்கு அடியில் சுருக்குக் கம்பியும் போடுவார்கள். அண்ணனுக்குத் தூரத்துப் பார்வை மங்கிவிட்டது, ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அந்தப் பழுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நீ குனிந்து ஏறினால், மங்கின வெளிச்சத்தில் எனக்கே கரடியாகத்தான் தெரிவாய்.

அண்ணனிடம் சொல்லிவிடலாமே என்று கேட்பாய். சொன்னால் அடுத்த நிமிடம் உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே மலை ஏறுவார். ஊரே பின்னால் வரும். நீ ஓடிவிடுவாய். இந்தத் தடவை பனிக்காலத்தில் ஓடுவாய். நீயாகத்தான் இறங்கி வர வேண்டும் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். நேற்று இரவு ஃபெர்மினைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த ரயில் நிலையத்தின் பெயரை எழுதித் தரச் சொன்னாராம் அண்ணன். தோட்டாக்களைச் சரிபார்த்தபடியே அண்ணியிடம் சொன்னாராம்: "இந்தக் கரடிய முடிச்சுட்டு நான் பெல்ஜியத்துக்குப் போறேன். மொழி தெரியாட்டி என்ன, அவன் பேரச் சொல்லிக் கேக்கத் தெரியாதா?" உனக்காகத்தான் அவர் அந்தப் புதரில் உட்காரப் போகிறார். உன்னைச் சுட்டுவிட்டு அந்த மனுஷன் அதற்குப் பிறகு எப்படி இருப்பார் என்று யோசித்துப் பார்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். பகலில், ரோட்டு வழியாக, எல்லாரும் பார்க்க வா. முடியாவிட்டால் தொழுவத்துப் பக்கமாக வா, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். கை வீசிக்கொண்டு வா, எதுவும் கொண்டுவர வேண்டாம்.

இதை நீ பார்த்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால் முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் நீ வரவில்லையென்றால், அவர்கள் புதருக்கு வருவதற்கு முன்னால் நான் சுவருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வேன். ஏணியில் ஏதாவது அசைந்தால் முதலில் என் தலைதான் சுவருக்கு மேலே தெரியும்.

உனக்காகக் காத்திருக்கும் அக்கா,
எதெல்வினா