குட்டையில் மிதந்த பொரி

நேற்று வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. பெட்டியைப் பிரித்தபோது தெர்மோகோல் உடைந்து கூடம் முழுக்க வெள்ளை மணிகள். துடைப்பத்தால் தள்ளினால் துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டன, கையால் தட்டினால் கையில். என் மனைவி சிரித்தாள். எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது மச்சான். நீ செத்துக் கிடந்த முகம் இல்லை, குட்டைக்கரையில் என்னை நம்பிக்கொண்டு நின்ற முகம்.

செங்கல்பட்டில் அப்போது எனக்கு ஒரு கடை இருந்தது. கல்யாண மேடைக்கு மணமக்கள் பெயரைத் தெர்மோகோலில் வெட்டிக் கொடுப்பேன். தொண்ணூறுகளில் அந்தப் பலகை இல்லாமல் ஒரு தாலியும் ஏறவில்லை. விலங்கியல் பட்டம் வாங்கியவன் எழுத்து வெட்டிப் பிழைக்கிறேன் என்று நீ போகிற இடமெல்லாம் என் மானத்தை வாங்குவாய். "மீனப் பத்திப் படிச்சவன் தெர்மோகோல் அறுத்துகினு கீறான், எட்டாவது ஃபெயிலானவன் மீன் வளக்கறேன். இன்னா நாடுடா இது!" கடைக்குப் பின்னால்தான் நீ குத்தகைக்கு எடுத்த குட்டை. எழுத்தின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்ப்பேன், மணிகள் மலையாகக் குவியும். பின்கதவைத் திறந்து பெருக்கிவிடுவேன். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

தினமும் காலையில் உன் மனைவி கரைக்கு வந்து எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். கட்லா மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். திருக்கழுக்குன்றத்தில் அவள் அப்பாவுக்குப் பொரிக்கடை. விற்காமல் நமுத்துப்போனதைச் சாக்கில் கட்டி அனுப்புவார். அவள் அதை அள்ளி வீசி, "வாங்கடா, வாங்கடா" என்று கொஞ்சுவாள். உங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு கோடையில் மீன்கள் மெலிந்தன. உடம்பு வற்றி, வயிறு மட்டும் உப்பி, ஒவ்வொன்றாக மல்லாந்தன. நீ ஒன்றைக் கிழித்துப் பார்த்தாய். குடல் நிறைய வெள்ளை. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என் பின்கதவுக்கு ஓடி வந்தாய்.

"இன்னாடா இது? எதுக்குடா இத்தப் போயி முழுங்குது? வேணான்னா துப்ப வேண்டிதான?"

பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் சரக்கு எனக்குத் தெரியாதா? ஆனாலும் பாடம் நடத்தினேன். மீனுக்குக் கை கிடையாது, எதையும் வாயால்தான் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். கட்லா தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். பெரிய துண்டானால் துப்பிவிடும், பொடிசு இரையோடு இரையாக உள்ளே போய்விடும். எந்தப் பொருளும் நாலு நாள் தண்ணீரில் கிடந்தால் மேலே பாசி படியும். பாசி வாசனை அடித்தால் மீனுக்கு அது சோறுதான். தினமும் இரை விழுகிற இடத்தில், இரையின் நிறத்தில், அதே அளவில் ஒன்று மிதந்தால் எந்த மீன் யோசிக்கும்? அத்தனையும் உண்மை. படித்த படிப்பு எனக்கு அன்றைக்குத்தான் உதவியது.

"அது செரி. இது இன்னா?"

"பொரி. செரிக்கல."

உன் பின்னாலேயே அவள் வந்திருந்தாள். "பொரின்னா ஊறிக் கரைஞ்சி பூடுமே. குட்டையில இது இன்னும் மிதக்குது பாருங்க" என்றாள். நீ அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். மீன் வயிற்றுக்குள் போனால் எல்லாம் மாறிவிடும் என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

"உங்கப்பன் வூட்டு நமுத்த பொரியப் போட்டுக் கொன்னுட்டியேடி!" என்று தெருவே பார்க்கக் கத்தினாய். மதியப் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டாய், திரும்ப அழைக்கப் போகவே இல்லை. அதன் பிறகு அவளைத் திட்டித் தீர்க்க என் கடைக்குத்தான் வருவாய். நான் முகூர்த்தத்துக்கு எழுத்து தேய்த்துக்கொண்டே தலையாட்டுவேன்.

நீ மட்டும் யோக்கியமா? அதில் ஒரு மணியை எடுத்து நெருப்பில் காட்டியிருந்தால் உன் மூக்கே சொல்லியிருக்கும். மீனைவிட நீ மோசம். அதற்காவது கை இல்லை. உனக்குக் கையும் இருந்தது, கண்ணும் இருந்தது. நான் போட்டதை அப்படியே முழுங்கினாய்.

நாலைந்து வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாய். சேதி கேட்டு அவள் வந்தாள். உன் தலைமாட்டில் அழாமல் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அண்ணா, அது பொரி இல்லண்ணா. நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியும். எடுக்கறதுக்குள்ள அவரு காதுல வுழற மாதிரி ஒரே ஒரு வாட்டி சொல்லிடுங்கண்ணா."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் தம்பிகள் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். "பொரிதான் தங்கச்சி" என்றேன்.

"அப்ப நாந்தானா?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். உனக்காக அழுகிறாள் என்று ஊர் நினைத்தது.

அந்தக் கேள்வியோடுதான் நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நன்றாகவே தூங்குகிறேன். அவள் இப்போதும் திருக்கழுக்குன்றத்தில் அப்பாவின் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். கடிதம் போட்டால் மறுநாளே கிடைத்துவிடும், அவளே படித்துக்கொள்வாள். அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.