என் கையெழுத்துப் போட்ட நோட்டு

அன்பு சித்ராவுக்கு,

இசக்கிமுத்து எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் இங்கே பனியன் கம்பெனியில் ராஜாவாட்டம் இருக்கிறேன். நான் செக்கிங் முடித்தால்தான் பனியன் கப்பலேறும்.

போன மாதம் உன் அப்பாவை மண்ணரை முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது, மேனேஜர் என் வேலையைக் கேட்டு எழுந்தே நின்றுவிட்டார். "ஏனுங்க, குவாலிட்டி சாருங்களா? நம்ம இன்ஸ்பெக்‌ஷன் நோட்டுல ஒரு வார்த்தை எழுதுங்க" என்றார். நானும் கலெக்டர் மாதிரி 'எல்லாம் பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று போனபோது மாமா புரண்டு படுக்கவே முனகினார், முதுகைக் காட்ட மறுத்தார். உள்பக்கம் திருப்பாமல் துணி பார்க்கிறவனா நான்? மெல்லப் புரட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். சத்தம் போட்டேன். மேனேஜர் நோட்டை விரித்தார். "நீங்களே பாஸ் பண்ணீருக்கறீங்க. சோதனைக்கு வந்த ஆபீசருக்கும் இதைத்தானுங்க காட்டினேன்."

என் கையெழுத்தை வைத்தே என்னை ஏமாற்றிவிட்டான், சித்ரா.

மாமாவை என் ரூமுக்குத் தூக்கி வந்துவிட்டேன். பயப்படாதே, நான் கட்டுப் போடும் அழகில் டாக்டரே அசந்துவிட்டார். பழைய நூல் சேலை நாலு வேண்டும். பார்சல் வேண்டாம், நீயே கொண்டு வா.

"ஏன் மாமா சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க பாஸு போட்டுட்டியளே மருமவனே, பொறவு நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.

இசக்கிமுத்து