அம்மா பார்க்காத எண்

அன்பு மகள் மார்னிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நடுநடுவே சண்டையும் போட்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஓலவும் அந்த நார்வே குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பா ஏன் திடீரென்று பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். ஃபோன் என்றால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், மெயில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், இது அவள் கண்ணில் படக்கூடாத செய்தி. பதறாதே, கெட்டது இல்லை. அம்மாவின் ஆபரேஷன் தேதி மாறவில்லை, அடுத்த மாதம் இருபத்து மூன்றுதான். டாக்டர் மறுபடியும் சொன்னார், கட்டி புற்று இல்லை, ஆனால் காது நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது, எடுக்கும்போது அந்தப் பக்கம் காது கேட்பதும் பேலன்ஸும் அதோடு போய்விடும், நடக்கப் பழகிக்கொள்ளலாம், பாய்ப் பலகை மேல் நிற்பது சந்தேகம்தான் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். காரில் ஏறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அதுக்குள்ள ஒரு நல்ல மேற்குக் காத்து வருமா ராய்ஸ்?" என்பதுதான்.

ஓலவுக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். பாய் கட்டிய பலகையில் நின்றுகொண்டு நாற்பது நாட் தொடுவது என்றால் மணிக்கு எழுபத்து நாலு கிலோமீட்டர். எங்கள் கிளப்பில் பதினோரு பேரில் மூன்று பேர்தான் தொட்டிருக்கிறார்கள், மூவரும் பால் பண்ணை டார்சி மாதிரி நூறு கிலோவுக்கு மேல். பதினேழு வருஷமாக நான் முட்டி மோதியும் முப்பத்தெட்டைத் தாண்டவில்லை. நீ ஊரை விட்டுப் போன பிறகு, ஐம்பத்தாறு வயதில் பலகை ஏறினவள் அம்மா, எடையும் ஐம்பத்தாறு கிலோதான், அவளுடைய உச்சம் முப்பத்தாறரை. வேகம் போகக் காற்று பலமாக வேண்டும், அந்தக் காற்றில் அவளைப் போல லேசானவர்களைப் பாயே தூக்கி வீசிவிடும். கிளப்பில் இதை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, டார்சி மட்டும் பார்க்கும்போதெல்லாம், "கிளெனிஸ், கறி அடைச்ச மீட் பை நாலு கூடுதலா உள்ளே தள்ளு, நாற்பது தானா வரும்" என்று வம்புக்கு இழுப்பான்.

போன வியாழக்கிழமை அந்தக் காற்று வந்தது. விடிந்ததிலிருந்து தகரக் கூரை உறுமிக்கொண்டே இருந்தது, பதினொரு மணிக்குத் தண்ணீர் வற்றி கழிமுகத்து மணல்திட்டு வெளியே தெரியும் என்று கணக்கு. நாங்கள் போனபோது மணல் முழங்கால் உயரத்துக்குப் புகை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, கறுப்பு அன்னங்கள்கூடப் பறக்காமல் புல்லுக்குள் ஒடுங்கிக் கிடந்தன. ஆனால் திட்டை ஒட்டின அந்த ஒரு கீற்றுத் தண்ணீர் மட்டும் கண்ணாடி போலக் கிடந்தது. என் தோள் இன்னும் சரியாகவில்லை என்பதால் நான் கரையில்தான். தபாலாபீஸ் நெரிடாவும் நானும் சேர்ந்து அம்மாவுக்குத் தண்ணீர்ப் பைகள் தைத்த உடுப்பை மாட்டினோம், எடைக்காக ஒன்பது கிலோ. ஹெல்மெட்டை அவளே இறுக்கிக்கொண்டாள்.

முதல் ஓட்டம் முப்பத்தேழு. இரண்டாவது முப்பத்தெட்டரை, நான் வாய்விட்டுச் சிரித்தேன், என்னை முந்திவிட்டாள் அல்லவா, கொஞ்சம் பொறாமையும் இருந்தது, மறைக்கவில்லை. மூன்றாவதில் பலகையின் அடித்துடுப்பில் பாசி சுற்றிக்கொண்டது, பலகை அப்படியே நின்றுவிட்டது, அம்மா மட்டும் காற்றில் பறந்துபோய் விழுந்தாள். இடுப்பளவு தண்ணீர்தான் மார்னி, நான் பயப்படவில்லை, எழுந்து நிற்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எழவில்லை. நான் ஓடுவதற்குள் டார்சி போய் உடுப்பைப் பிடித்துத் தூக்கினான். இருமித் துப்பிவிட்டு அவள் சொன்னாள், எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லையாம், மேலே வருவதாக நினைத்துக்கொண்டு தரையை நோக்கி நீந்தினாளாம். கட்டியின் வேலை. போதும் கிளெனிஸ், வீட்டுக்குப் போவோம் என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உன் தோள் கிழிஞ்சப்போ நான் போதும்னு சொன்னேனா? ஆஸ்பத்திரிக்கும் நான்தான் ஓட்டினேன், அடுத்த சனிக்கிழமை திரும்ப இங்கேயும் நான்தான் ஓட்டிட்டு வந்தேன். போய்ப் பாசியை எடு" என்றாள். டார்சி என்னைப் பார்த்து, "இவகிட்ட நீ ஜெயிச்ச நாள் ஏதாவது உண்டா?" என்றான். பிறகு குரலை மாற்றிக்கொண்டு அவளிடம், விழுந்தால் பாயின் கைப்பிடியை மட்டும் விடாதே, பாய் மிதக்கும், அது இருக்கிற பக்கம்தான் மேல், நான் ஓட்டம் முடிகிற இடத்தில் தண்ணீரிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, மார்பளவு தண்ணீரில் போய் நின்றான் அந்தத் தடியன், கடைசிவரை நகரவே இல்லை.

அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். மேற்கே வானம் கறுத்து ஒரு பெரிய வீச்சு வருவது தண்ணீரின் மேல் தெரிந்தது, அவள் அதற்காகவே காத்திருந்த மாதிரி பலகையைத் திருப்பினாள். முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு ஒரு சத்தம், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஆரம்பித்து, மெலிந்து மெலிந்து விசில் ஆகிவிட்டது. திட்டின் ஓரத்தில் நின்ற என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில் போனாள் மார்னி. பலகை தண்ணீரைத் தொடுகிறதா என்றே எனக்குத் தெரியவில்லை, முதுகு தண்ணீரைத் தேய்க்கிற அளவு சாய்ந்திருந்தாள், வாய் மூடியிருந்தது, முகத்தில் பயமும் இல்லை சந்தோஷமும் இல்லை, சின்னக் குழந்தை எதையாவது உற்றுப் பார்க்கும்போது இருக்குமே, அப்படி இருந்தது. முப்பத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவன் நான், அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. கோவிலில் நிற்கிற மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், நெரிடா சொல்லித்தான் எனக்கே தெரியும். அவள் போன பிறகும் தண்ணீரில் அந்தக் கோடு கொஞ்ச நேரம் அழியாமல் இருந்தது, எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்தவள் வேகம் காட்டுகிற வாட்ச்சைப் பார்க்காமலே கழற்றி, முகம் கீழே இருக்கும்படி என் உள்ளங்கையில் வைத்தாள். "என்னன்னு சொல்லாதே. ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிச்சா தெரிஞ்சுக்க எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள். நான் பார்த்தேன். நெரிடா எட்டிப் பார்த்துவிட்டு காருக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினாள். ஈரம் சொட்டச் சொட்ட வந்த டார்சி பார்த்துவிட்டு, அம்மாவின் பலகையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தான். நாற்பது புள்ளி இரண்டு ஏழு, மார்னி. அன்றிலிருந்து கிளப்பில் அத்தனை பேரும் வாயைத் தைத்துக்கொண்டு திரிகிறார்கள், ரொட்டி வாங்கப் போனால்கூட அம்மாவைப் பார்த்ததும் தெரு தாண்டி ஓடுகிறார்கள், சிரிப்பை அடக்க முடியாமல். அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பட்டாணி விதைக்கிறாள், ஆஸ்பத்திரிப் பெட்டியில் துணி அடுக்குகிறாள், ஜாடை காட்டிக்கூடக் கேட்கவில்லை.

சரி, பக்கம் தீர்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நீ தனியாகத்தான் வருகிறாய் என்றாள் அம்மா, ஓலவுக்கு லீவு கிடைக்காதது வருத்தம்தான். விமானத்தில் கால்களை அடிக்கடி நீட்டு, தண்ணீர் குடி. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. இந்த எண்ணை அவளிடம் சொல்வது நான் இல்லை, நீதான், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. அவள் கண் திறந்ததும் சொல். கட்டிலுக்கு வலது பக்கமாகப் போய் நின்று, நிதானமாகச் சொல், இடது காது இனிமேல் கேட்காது.

அன்புடன்
அப்பா ராய்ஸ்