மிஸ் வைத்த இரண்டாவது தட்டு

அம்மா,

நேற்று ராகலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவித்த முட்டை ஒன்றை உரித்தார். மழைக்கு ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். அந்த வாடை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் பாதியைப் பிய்த்து நீட்டி, "சாப்புடுறீங்களா தங்கச்சி?" என்று கேட்டார். நல்ல மனுஷிதான். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன் இதே பஸ்ஸில், இதே வாடையோடு என் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். அப்போது உன் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது அருவருப்புத்தான். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். நாம் இரண்டு பேரும் சொன்ன பொய் போதும்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். சோற்றைப் பார்த்தாலே குமட்டும். குழம்பில் மிதக்கும் எண்ணெய், பருப்பின் வழவழப்பு, எல்லாமே யாரோ மென்று துப்பியது போலத் தெரியும். ஏன் அப்படி ஆனது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காதல் தோல்வி என்றார்கள். பேய் என்றார்கள். அத்தை என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போய், நூல் கட்டி, திருநீறு பூசி, தாடையைப் பிடித்துப் பொங்கலை வாய்க்குள் திணித்தாள். நான் அவள் சேலை மேலேயே வாந்தி எடுத்தேன். அதற்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

டவுன் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் பகல் சிகிச்சைப் பிரிவு என்று ஓர் அறை இருப்பதை யாரிடமோ கேட்டு வந்தவள் நீதான். காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்குத் திரும்பலாம். அங்கே ஒரு நீள மேசை. காலைச் சாப்பாடு, பத்து மணித் தேத்தண்ணி, பகல் சோறு, மூன்றும் நர்ஸ் மிஸ்ஸின் கண் முன்னால். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் யாரும் எழுந்து வெளியே போகக்கூடாது. நோயாளியோடு வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும், அவரும் எதிரில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். இதுதான் அங்கே சட்டம். முதல் நாள் மிஸ் எனக்கு ஒரு தட்டு வைத்தார். பிறகு உனக்கு ஒன்று வைத்தார். நீ எழுந்து நின்றுவிட்டாய்.

"நான் பொறகு சாப்புட்டுக்கிறேன் மிஸ்" என்றாய்.

அவர் உன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு, அடுப்படியில் நின்றபடி சட்டியை வழித்து நாலு வாய், அதுதான் உன் சாப்பாடு. அந்த மேசையில்தான் நீ சாப்பிடும் லட்சணம் எனக்குத் தெரிந்தது. கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, மெல்லாமல், தலை நிமிராமல் விழுங்குவாய். மலையில் மேல் கங்காணி கத்துவதற்குள் தின்று முடித்துப் பழகியவள் நீ. தொண்டைக்குள் சோறு இறங்கும் சத்தம் எனக்குக் கேட்கும். கடவுளே, எவ்வளவு அசிங்கம் என்று நினைப்பேன். "அம்மே, ஹெமின், ஹெமின்" என்று மிஸ் சிங்களத்தில் சொல்வார். மெதுவாக, மெதுவாக. பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில், "ஓட வேண்டாம், பஸ் இல்ல" என்பார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

உன் தட்டில் வைத்த முட்டையை மட்டும் நீ ஒரு நாளும் தின்றதில்லை. மிஸ் திரும்பும் நேரம் பார்த்து முந்தானையில் முடிந்துகொள்வாய், அண்ணனுக்கு. பஸ்ஸில் அது உன் மடியிலிருந்து நாறும். உணவை ஒளிக்கும் எங்களைத் திருத்தத்தான் அங்கே கூட்டி வைத்திருந்தார்கள். எதிரில் உட்கார்ந்து நீயும் ஒளித்தாய். உன்னை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

திங்கட்கிழமைகளில் நிறுவை. தொடர்ந்து குறைந்தால் கண்டிக்கு அனுப்பி வார்டில் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த வார்டை நினைத்தாலே நடுக்கம். உனக்கு என்னை விடப் பயம். இரண்டாவது திங்களுக்கு முதல்நாள் நான் அழுதுகொண்டிருந்தேன்.

"நிறுவைதானே பாப்பா, அதுக்கா அழுவுற?" என்றாய். "நிறுக்குற மடுவத்துல நித்தமும் நம்ம கொழுந்துல சாக்குக்குன்னு கிலோ வெட்டுறானுங்க, தண்ணிக்குன்னு வெட்டுறானுங்க. நாங்களும் சும்மாவா இருக்கோம்? ஒரு நாளைக்குத் தராசு நம்ம பக்கம் பேசட்டுமே."

என் பாவாடைக் கரையைப் பிரித்து, உள்ளே கனம் வைத்து, வெளியே தெரியாமல் தைத்தாய். தைக்கும்போது உனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வாழ்நாள் முழுக்க உன்னை ஏமாற்றியது ஒரு தராசு. தராசு என்று எதைக் கண்டாலும் உனக்கு எதிரிதான். ஆஸ்பத்திரித் தராசில் நிற்பது கொழுந்து இல்லை, உன் பிள்ளை என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்று திங்கள் அப்படிப் போயின. "அம்மா நல்லா பாக்குறாங்க" என்று மிஸ் பாராட்டினார். நீ பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அதில் பாதி என் சிரிப்பு.

அதற்கடுத்த வாரம் நான் லயத்துப் படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். என்னைத் தூக்கியபோது நீ என்ன நினைத்தாய் என்று சொன்னதில்லை. திங்கட்கிழமை தராசுக்கு முன்னால் போய் நின்றதும், "மிஸ், நிறுவை பொய்" என்றாய். எல்லாரும் பார்க்க என் காலடியில் குந்தி, பாவாடைக் கரையைப் பல்லால் கடித்து நூலைப் பிரித்தாய். நான் உன்னை எச்சில் தெறிக்கத் திட்டினேன். அந்த வார்த்தையை இங்கே எழுதமாட்டேன்.

மிஸ் ஏசவில்லை. நான் தராசில் ஏற மாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"சரி, அம்மா முதல்ல ஏறட்டும். பாருங்க மகள், ஒண்ணும் ஆகாது."

நீ செருப்பைக் கழற்றிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு ஏறினாய். மிஸ் எண்ணைப் பார்த்தார். உன்னை இறக்கி மறுபடி ஏற்றினார். பிறகு நான் ஏறினேன், கரையில் ஒன்றும் இல்லாமல். நாம் இரண்டு பேரும் ஒரே உயரம். என் எண் உன் எண்ணை விடக் கூடுதலாக இருந்தது.

"நான் எப்பவும் இப்பிடித்தான் மிஸ்" என்று சிரித்தாய். "எங்க லயத்துல பொம்பளைங்க எல்லாம் இப்பிடித்தான்."

மிஸ் என் எண்ணை எழுதினார். உன்னுடையதை எழுத அவரிடம் கோப்பு இல்லை. எனக்கு ஒரு நோயின் பெயர், ஒரு டொக்டர், ஒரு மேசை, ஒரு வார்டு. ஒரு நாளைக்கு மூன்று தடவை உன் முதுகுச் சுமைக்கு நிறுவை பார்த்தார்கள். எங்களைச் சுமந்த மாதங்களை விட்டால், உனக்கென்று நிறுவை பார்த்தது அன்று ஒரு தடவைதான். அதுவும் என் பயத்தைத் தெளிவிக்க. பகல் சோற்றுக்கு மிஸ் உன் தட்டில் இன்னொரு கரண்டி வைக்க வந்தார். "வேணாம் மிஸ், பழக்கமில்ல" என்று நீ கையால் தட்டை மூடினாய். அப்படி மூடுவது நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

என்னைக் கண்டிக்கு அனுப்பினார்கள். ஒன்றரை மாதம் நான் உன்னோடு பேசவில்லை. ஞாயிறு தவறாமல் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனாய். அங்கேதான் பிழைத்தேன். பிழைத்த பிறகும் நான் உன்னிடம், நீ சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. டவுனில் துணிக்கடை வேலைக்குப் போனேன், சம்பளத்தில் உனக்குச் சேலை எடுத்தேன், நான் ஏதோ பெரிய நல்ல மகள் என்று நினைத்துக்கொண்டேன். நீ மலையில் கூடையோடு விழுந்த அன்று, உடம்பில் இரத்தமே ஊறவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டாம் நாள் போய்விட்டாய்.

கருமாதிப் பந்தியில் அத்தை விரல்களைச் சப்பிக்கொண்டே, "வாயக் கட்டி வயித்தக் கட்டி வளத்தா, மகராசி. தெய்வம்" என்றாள். சுற்றியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த இலையிலேயே கக்க வேண்டும் போல இருந்தது. நான் வயிற்றைக் கட்டியபோது இதே வாய்தான் பேய் என்றது. உன்னைத் தெய்வமாக்கிவிட்டு அவர்கள் இரண்டாம் தடவை ரசம் கேட்டார்கள். அதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாரும் போன பிறகு அடுப்படிக்குப் போனேன். அண்ணி நின்றபடி சட்டியை வழித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தட்டுகளில் சோறு போட்டுக் கீழே வைத்தேன்.

"உக்காருங்க அண்ணி."

"நீங்க சாப்புடுங்க, எனக்குப் பழகிப்போச்சு."

"நீங்க உக்காராட்டி நானும் சாப்புடல" என்றேன்.

அண்ணியின் கை அப்படியே நின்றது. நான் சாப்பிடமாட்டேன் என்று சொன்னால் இந்த வீடு இன்னும் நடுங்குகிறது, அம்மா. அண்ணி உட்கார்ந்துவிட்டார்.